மேஜிக் இ-க்கு முன்னால் காது: ஆங்கிலப் பயிற்சி நூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பயிற்சி நூலும் ஆசிரியர் கையேடும் எழுதுகிறவர்கள், திருத்துகிறவர்கள், தனியார் பதிப்பகங்களில் அதே வேலையைச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். பேச வந்தது ஒரே ஒரு பாடத்தைப் பற்றி. ஷார்ட் சவுண்ட், லாங் சவுண்ட் என்று தொடங்கி ‘மேஜிக் இ’ என்றோ ‘சைலன்ட் இ’ என்றோ முடியுமே, அந்தப் பாடம். கிட் என்பதில் ஆங்கில ஐ எழுத்துக்கு இருப்பது ஷார்ட் சவுண்ட்; சொல்லின் கடைசியில் ஒலிக்காத ஓர் இ சேர்ந்து கைட் ஆனால் லாங் சவுண்ட்.

இது பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்றால் எல்லோரும் அந்த இ எழுத்தைத்தான் குறை சொல்கிறார்கள். சொல்லின் கடைசியில் வாய் திறக்காமல் நிற்கிற எழுத்து, பழியையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. எங்கள் கணிப்பு வேறு. கோளாறு அதற்கு முன்பே, ஷார்ட் சவுண்டில் நடந்து முடிந்துவிடுகிறது. அதிலும் குறிப்பாக ஏ எழுத்தில். நூலின் அச்சு அதை வெளியே தெரியாமல் மூடிவிடுகிறது.

எப்படி என்று பாருங்கள். மிதியடிக்கு எம்-ஏ-டி. பைத்தியம் பிடித்தவருக்கும் எம்-ஏ-டி, கடைசி எழுத்து மட்டும் வேறு டி. ‘செய்தான்’ என்பதற்கு எம்-ஏ-டி-இ. தோழனுக்கும் எம்-ஏ-டி-இ, அதிலும் டி வேறு. ஆங்கிலத்தில் இவை நான்கும் நான்கு எழுத்துக்கூட்டல், நான்கு உச்சரிப்பு. நோட்ஸ்களிலும் பல பயிற்சி நூல்களிலும் ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேல் தமிழில் உச்சரிப்பு அச்சிடுகிறோமே, அதில் நான்குமே ‘மேட்’. தண்ணீர்க் குழாயும் டேப், ஒட்டுகிற நாடாவும் டேப். தலையில் போடுகிற கேப்பும் தோளில் போர்த்துகிற கேப்பும் ஒன்றே. மனிதனும் மேன், சிங்கத்தின் பிடரி மயிரும் மேன். ‘இ வந்தால் ஒலி மாறும்’ என்று பாடம் சொல்கிறது, ‘மாறவில்லை’ என்று அதே பக்கத்துத் தமிழ் சொல்கிறது. பிள்ளை எதை நம்பும்? தனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தைத்தான் நம்பும்.

மற்ற எழுத்துகளில் இந்தச் சங்கடம் இல்லை. கிட், கைட். நாட், நோட். கட், க்யூட். தமிழில் எழுதினாலும் வேறுபாடு கண்ணுக்கும் தெரிகிறது, காதுக்கும் கேட்கிறது. மாட்டிக்கொள்வது ஏ ஒன்றுதான். ஆனால் அகரவரிசையில் முதலில் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக மேஜிக் இ பாடத்தை ஏறக்குறைய எல்லா நூல்களும் ஏ-யில்தான் தொடங்குகின்றன. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அது எளிதான தொடக்கம், இரண்டு ஒலியும் அதன் காதில் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு அதுவே மிகக் கடினமான வாசல்.

ஆகவே முதல் வேண்டுகோள் வரிசையைப் பற்றியது. மேஜிக் இ-யை ஐ எழுத்தில் தொடங்குங்கள். கிட், கைட், ஃபின், ஃபைன், பிட், பைட். பைக், லைன், டைம், பைப், ஃபைவ், நைன், ஸ்மைல் எல்லாம் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்கள். ‘ஃபைன்’ கட்டுவது என்றால் இரண்டாம் வகுப்புக்கே தெரியும். ஐ-க்கு அடுத்து ஓ: ஹோம், நோட், ரோஸ், நோஸ், ரோப். மூன்றாவதாக ஏ. நான்காவதாக யூ, இது இரண்டு விதமாக ஒலிக்கும். க்யூட், ட்யூப், க்யூப் ஒரு வகை; ர், ல், ஜ் ஒலிகளுக்குப் பின் ஊகாரமாகும்: ரூல், ஃப்ளூட், ஜூன். இரண்டையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம். நடுவில் ஒரு மெய் நிற்க, உயிரும் இ, கடைசி எழுத்தும் இ என்று வரும் சொற்கள் சிறுவர் மொழியில் மிகக் குறைவு. அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குவது தாளுக்குத்தான் நட்டம்.

ஏ மூன்றாவதாக வரட்டும் என்றோம், அதற்காக அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. முதல் வகுப்பிலிருந்தே நாள்தோறும் ஐந்து நிமிடம் அதன் ஷார்ட் சவுண்டுக்குக் காதுப் பயிற்சி வேண்டும். எழுத்தே காட்டாத பயிற்சி அது. குழாய்ப் படம், நாடாப் படம் இரண்டும் பிள்ளை முன்னால் இருக்கும். ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, பிள்ளை தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்துச் சொல். மாறி மாறி வந்தால் பிள்ளை வரிசையை ஊகித்துவிடும்; ஆகவே சில நேரம் ஒரே சொல்லை மூன்று முறை தொடர்ந்து சொல்ல வேண்டும். இரண்டு நாள் தொடர்ச்சியாகப் பத்துக்கு எட்டு வந்தால் அடுத்த இணைக்குப் போகலாம். படம் வரைய முடிகிற இணைகள் நான்கு போதும்: குழாய்-நாடா, தொப்பி-தோள் போர்வை, மனிதன்-பிடரி மயிர், தகர டப்பா-பிரம்பு (தமிழில் இரண்டும் ‘கேன்’).

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு நெருக்கடி உண்டு. தமிழில் இல்லாத அந்த ஷார்ட் ஏ ஒலி நம் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நீட்டினால் ஏகாரம், குறுக்கினால் எகரம். அதனால் ‘ஒரு மனிதன்’ என்று எழுதச் சொன்னால் பிள்ளை ‘பல மனிதர்’ என்று எம்-இ-என் போடும். இது கவனக்குறைவு அல்ல, காது கொடுத்ததைக் கை எழுதியது. எனவே குழாய்-நாடா இணையோடு பேனா-தோசைக்கல் இணையும் வேண்டும். இரண்டுமே பி-யில் தொடங்கி என்-னில் முடிபவை, நடு எழுத்து மட்டும் பேனாவுக்கு இ, கல்லுக்கு ஏ.

அந்த ஒலியை வாயில் வரவழைக்கக் கையேட்டில் மூன்று வரி போதும். ஆகாரத்துக்குத் திறப்பதுபோல் வாயைத் திறந்துகொள். தாடையை மேலே ஏற்றாமல் ஏகாரம் சொல்லிப் பார். முன்பற்களுக்கு நடுவில் பிள்ளையின் இரண்டு விரல் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைகிற இடைவெளி இருந்தால் ஷார்ட் ஏ. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் அது ஏகாரத்துக்கு நழுவிவிட்டது. லாங் சவுண்டுக்கு நம் ஏகாரமே போதும். அதை ‘ஏய்’ என்று வளைக்கச் சொல்லி ஆசிரியரையும் பிள்ளையையும் வதைக்க வேண்டாம். இந்திய ஆங்கிலத்தில் நேரான ஏகாரம் முழுக்கச் செல்லும். இரண்டுக்கும் வேறுபாடு கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகவே உச்சரிக்கும் பெரியவர்கள் நம்மில் ஏராளம். ஆசிரியரின் வாயை மட்டும் நம்பி இந்தப் பாடத்தை வைக்க முடியாது. 2018 முதல் வந்த மாநிலப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சாகிறது. அந்த வசதியை இங்கே பயன்படுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் ஒலிக்கோப்பு. ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை, நடுவில் இரண்டு விநாடி இடைவெளி. பின்னணி இசை கூடவே கூடாது. சொல்லின் கடைசி மெய்யை அது விழுங்கிவிடும். ஒலிக்கோப்பு கொடுத்த பக்கங்களில் தமிழ் உச்சரிப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழில் பொருளை மட்டும் போடுங்கள்.

அடுத்தது, ஷார்ட் சவுண்டைக் குறில் என்றும் லாங் சவுண்டை நெடில் என்றும் கையேடுகள் சொல்லித் தருவது. கேட்க வசதியாக இருக்கும், வகுப்பில் கவிழ்த்துவிடும். கிட் என்பதன் இகரத்தை எவ்வளவு நீட்டினாலும் கீட் வரும், கைட் வராது. ஒரு காலத்தில் அது உண்மையிலேயே குறில் நெடிலாகத்தான் இருந்தது. ஏறத்தாழ 1400 வரையிலான ஆங்கிலத்தில் இன்றைய ‘டைம்’ டீமெ என்பதுபோலவும் ‘நேம்’ நாமெ என்பதுபோலவும் ஒலித்தன. கடைசி இ அப்போது ஊமை இல்லை. பிறகு இ ஒலி தேய்ந்தது. அடுத்த இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்து ஈகாரம் ஐகாரமாகவும் ஆகாரம் ஏகாரமாகவும் போயின. எழுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. லண்டன் பள்ளித் தலைமையாசிரியர் ரிச்சர்ட் மல்காஸ்டர் 1582இல், ஒலிக்காத அந்த இ-யை முன்னிருக்கும் உயிரின் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று விதி எழுதினார். இன்றும் நாம் நடத்துவது அந்த விதியைத்தான். பிள்ளைக்கு இந்த வரலாறு வேண்டாம். ‘லாங்’ என்பதை நெடில் என்று மொழிபெயர்க்காமல், ‘எழுத்து தன் பெயரையே சொல்கிறது’ என்று சொன்னால் போதும். ஏ, ஐ, ஓ, யூ என்று பெயர்கள் அதற்கு ஏற்கெனவே மனப்பாடம்.

மனப்பாடம் என்றதும், ‘சி ஏ டி கேட், கேட்டுன்னா பூனை’ பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷார்ட் சவுண்ட் நடத்தும் மாதங்களில் அதை நிறுத்தி வையுங்கள். சி, ஏ, டி என்ற மூன்று பெயர்களைச் சேர்த்தால் எந்தப் பிள்ளைக்கும் பூனையின் பெயர் வராது. பெயரை விட்டு ஒலிக்கு வர நமக்குப் புள்ளி இருக்கிறது. க், ட், ப், ம், ன் என்று தனி மெய்யைச் சொல்வது ஆறு வயதுத் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல. ஆங்கில வழிப் பயிற்சிகளில் ‘பஹ்’, ‘டஹ்’ என்று ஓர் உயிர் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கத்தான் படாத பாடு படுகிறார்கள். முதல் சொற்களை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ம், ன், ஸ், ஃப், ர், ல் இவற்றை மூச்சு விடாமல் இழுக்கலாம். க், ட், ப் இழுபடாது, வெடித்து முடிந்துவிடும். அதனால் சன், ரன், ஃபின், மேன் என்று தொடங்கினால் ஒலிகளை ஒட்டுவது எளிது. பூனையில் தொடங்குவது பழக்கதோஷம்.

நமக்கே உரிய இன்னொரு இடறல் சொல்லின் கடைசியில் இருக்கிறது. நெட்டு, கப்பு, பஸ்ஸு. வல்லின மெய்யிலோ ஸ் போன்ற ஒலியிலோ சொல் முடிந்தால் தமிழ் நாக்கு ஓர் உகரத்தைப் போட்டுத்தான் நிற்கும். அந்த உகரம் பிள்ளையின் காதில் ஒரு கூடுதல் ஒலியாக விழுகிறது. மேஜிக் இ வருவதற்கு முன் அதற்கு எழுத்து இல்லாமல் விட்டுவிடும். இ வந்த மறுவாரமே எல்லாச் சொல்லுக்கும் கடைசியில் இ போடத் தொடங்கும். வலைக்கு என்-இ-டி-இ. ஆசிரியர் ‘பாடம் புரியவில்லை’ என்று நினைக்கிறார். பிள்ளை தனக்குக் கேட்டதற்கு ஓர் எழுத்துக் கிடைத்தது என்று போட்டிருக்கிறது. இதற்கு மருந்து ஒலிக் கட்டங்கள். தாளில் மூன்று கட்டம், கையில் மூன்று புளியங்கொட்டை. ஒலிக்கு ஒரு கொட்டையாக நகர்த்திவிட்டு, கொட்டையை எடுத்த இடத்தில் எழுத்தை எழுத வேண்டும். கைட் என்பதற்கும் ஒலி மூன்றே. இ எழுத்துக்குக் கட்டம் கிடையாது, மூன்றாவது கட்டத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் எழுத வேண்டும். கட்டத்துக்குள் நாலாவதாக இடம் கொடுத்து அச்சிட்ட பயிற்சித்தாள்களை நிறையப் பார்க்கிறோம். அவை இ-யை ஒலிக்கச் சொல்லித் தருகின்றன.

மந்திரக்கோல், தொப்பி, பறந்து வந்து குட்டும் இ என்கிற கதைகளில் எங்களுக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. கொ எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மந்திரம் எதற்கு? கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். இரண்டு துண்டும் சேர்ந்தால்தான் ஒகரம் என்பது அதற்குப் பழகிய விஷயம். கைட் என்பதில் ஐ ஒரு துண்டு, இ ஒரு துண்டு, நடுவில் ஒரு மெய் என்று கரும்பலகையில் ஒரு வளைவு போட்டு இணைத்துக் காட்டினால் போதும். இங்கிலாந்துப் பள்ளிகளிலும் இதைப் பிளந்து நிற்கும் ஓர் இரட்டை எழுத்து என்றுதான் நடத்துகிறார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிவிட வேண்டும்: தமிழில் நடுவில் இருக்கும் மெய் முதலில் ஒலிக்கும், ஆங்கிலத்தில் உயிர் ஒலித்த பிறகு அந்த மெய் வரும்.

கைக்கு ஒரு கருவி வேண்டும் என்றால் மடக்கு அட்டை. 20 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் சார்ட் அட்டைத் துண்டு. ஐந்து ஐந்து செ.மீ.யாக நான்கு கட்டம். முதல் மூன்றில் கே, ஐ, டி, நான்காவதில் இ. நான்காவது கட்டத்தைப் பின்பக்கம் மடித்தால் கிட், விரித்தால் கைட். மடிப்புக் கோட்டை அளவுகோலின் விளிம்பால் ஒரு முறை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் அட்டை கிழியாது. பிள்ளை விரித்ததும் விரலை இ-யில் வைத்து, ஒரு மெய்யைத் தாண்டி, உயிரைத் தொட்டு, அதன் பெயரைச் சொல்லி, பிறகு முதலிலிருந்து படிக்க வேண்டும். இந்த விரல் ஓட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். இல்லாவிட்டால் ‘மடித்தால் ஒரு சத்தம், விரித்தால் ஒரு சத்தம்’ என்று அட்டையைப் படிக்கும், சொல்லைப் படிக்காது. அட்டையின் ஆயுள் மூன்று நாள். அதற்கு மேல் தேவையில்லை.

எங்களுக்கு மிகவும் உறுத்துவது பயிற்சிப் பக்கங்களின் அமைப்பு. ஒரு பக்கம் முழுக்க லேட், கேட், ப்ளேட், ஸ்லேட், ரேட். அடுத்த பக்கம் முழுக்க பைக், லைக், ஹைக். முதல் சொல்லை ஆசிரியர் சொல்லிவிட்டால் மிச்சத்தைப் பிள்ளை கடைசி எழுத்துகளைப் பார்க்காமலே ஒப்பித்துவிடும். பக்கத்தை முடித்ததற்கு நட்சத்திரமும் கிடைக்கும். மறுநாள் ஒரு கதைப் பக்கத்தில் கிட், கைட் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் தடுமாறும். ஒரே குடும்பச் சொற்கள் முதல் நாளுக்கு மட்டும் போதும். இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் பாதிக்குப் பாதி இ இல்லாத சொற்கள் கலந்திருக்க வேண்டும், ஒழுங்கில்லாமல். பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் ‘கடைசியில் இ இருக்கிறதா’ என்று பார்த்தே தீர வேண்டிய நிலை வர வேண்டும். நடத்த வேண்டிய பாடமே அந்தப் பார்வைதான்.

எப்போது தொடங்குவது என்பதையும் பக்க எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து ஷார்ட் சவுண்டும் கலந்த இருபது மூன்றெழுத்துச் சொற்களில் பதினாறையாவது எழுத்துக்கூட்டாமல் படிக்கும் பிள்ளைக்கே இ-யைக் காட்ட வேண்டும். மாநில அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமாக 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்தும் பழக்கம் வந்துவிட்டது. அதே வகுப்பறையில் அரும்புக்குக் காதுப் பயிற்சி, மொட்டுக்கு ஷார்ட் சவுண்ட், மலருக்கு மேஜிக் இ என்று ஒரே நேரத்தில் நடத்த முடியும். நூல் அதற்கு இடம் கொடுத்தால் போதும்.

விதிவிலக்குகள். பிள்ளை முதலில் சந்திக்கும் வாக்கியங்களே ஹேவ், கிவ், கம், சம், ஒன், ஆர் என்று விதியை மீறும் சொற்களால் நிறைந்தவை. இவற்றை மேஜிக் இ பக்கங்களில் கலக்காமல், அதற்கு முன்பே தனி நிறத்தில் அச்சிட்டு, முழுச் சொல்லாகப் பழக்கிவிடுங்கள். ஹேவ், கிவ், லிவ், லவ் நான்குக்கும் காரணம் சொல்லலாம்: ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள் பொதுவாக வி எழுத்தில் முடியாது, அதற்குத் துணையாகத்தான் அங்கே இ. டான்ஸில் சி-யை ஸ் என்று ஒலிக்க வைக்கிறது. ஆப்பிள், டேபிள் போன்றவற்றில் கடைசி அசைக்கு ஓர் உயிரெழுத்தாவது வேண்டுமே என்று நிற்கிறது. ‘இ-க்குப் பல வேலை, உயிரின் பெயரைச் சொல்ல வைப்பது அதில் ஒன்று’ என்ற வரி கையேட்டில் இருந்தால், ‘விதி பொய்த்துவிட்டது’ என்று ஆசிரியர் திணற மாட்டார்.

எழுதுவதை வாசிப்போடு ஒரே வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். வாசிக்கும்போது எச்-ஓ-எம்-இ என்பதற்கு ஒரே வழிதான். எழுதும்போது ஓகாரத்துக்கு வழிகள் பல. ரோடு என்று சொல்லி எழுதச் சொன்னால், பாடம் நன்றாகப் புரிந்த பிள்ளை ஆர்-ஓ-டி-இ என்று எழுதும். அதற்குப் பெருக்கல் குறி போட்டுப் பூஜ்ஜியம் தருவது அநியாயம். ‘ஒலி சரி, இந்தச் சொல்லுக்கு வேறு எழுத்து’ என்று பக்கத்தில் திருத்தி எழுதி அரை மதிப்பெண்ணாவது தர, மதிப்பீட்டுக் குறிப்பிலேயே இடம் வையுங்கள். சொல்வதை எழுதும் பயிற்சிக்கு அந்த வாரம் படித்த எழுத்துமுறையில் அமைந்த சொற்களை மட்டும் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஆறு சொல், ஒரு வாக்கியம் போதும்.

கடைசியாக அச்சைப் பற்றி. பிள்ளை கையால் எழுதும் வடிவத்திலேயே சின்ன ஏ அச்சாக வேண்டும். தலையில் கொக்கி வளைந்த அச்சு வடிவத்தை இரண்டாம் வகுப்பு முடியும்வரை தள்ளி வையுங்கள். இ எழுத்தைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக அச்சிடும் வழக்கம் இருக்கிறது, ‘ஒலிக்காது’ என்று காட்டுவதற்காக. மங்கலாக இருப்பதைக் கண் விட்டுவிடும். பிள்ளை முதலில் பார்க்க வேண்டியதே அந்த எழுத்தை. உயிரையும் இ-யையும் ஒரே அடர் நிறத்தில் போடுங்கள், மெய்கள் கறுப்பில் இருக்கட்டும். அச்சுக்கு அனுப்பும் முன் ஐ எழுத்துப் பக்கங்கள் இரண்டை மட்டும் ஏதாவது ஓர் இரண்டாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் சத்தமாகப் படிப்பதைப் பதிவு செய்து குழுவில் எல்லோரும் ஒரு முறை கேளுங்கள்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர்